வீடியோவுக்கு நாம் கொடுத்த சத்தம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு மைக் புதுசு இல்லை. போன வருஷம் மூணு வாரம் மைக்கோடவே கிடந்தேன். ஆனா அது இந்த மைக் மாதிரி பெரிசு இல்லை. சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும், சேலைத் தலைப்பில் குத்திக்கொள்வது. கல்லூரிப் பிள்ளைகளும் நாமும் சேர்ந்து ஒரு பாதுகாப்பு வீடியோவுக்குச் சத்தம் செய்தோமே, அந்தக் கதையை மலருக்காகச் சொல்லச் சொன்னார்கள். சத்தம் என்றால் பேச்சு, வேலைச் சத்தம், பின்னணி எல்லாம்தான். படம் ஆறு நிமிஷம். அதற்குச் சத்தம் செய்ய மூணு வாரம். ஏன் அவ்வளவு நாள் ஆச்சுன்னு கேட்பீங்க. அதைத்தான் சொல்ல வந்தேன்.

தீபாவளி முடிந்து பயர் ஆபீஸ் எல்லாம் பூட்டிக் கிடந்த நாள்கள். நமக்கு வேலை இல்லை, கையில் காசும் இல்லை, நேரம் மட்டும் இருந்தது. அப்போ ஏழு பிள்ளைகள் கூட்டமைப்புக் கட்டடத்துக்கு வந்தார்கள். விஸ்காம் படிக்கிற பிள்ளைகள். நாலு பொண்ணு, மூணு பையன். பட்டாசு வேலையில் பாதுகாப்பு பற்றி ஒரு வீடியோ எடுத்திருந்தார்கள். ஆலைக்குள்ளே செல்போன், கேமரா எதுவும் கொண்டுபோகக் கூடாது என்று நமக்குத் தெரியும். ஒரு சின்னப் பொறி போதும். அதனால் வெளியே ஒரு காலிக் கட்டடத்தை அறை மாதிரி வைத்து, வெறும் காகிதக் குழாயும், மருந்துக்குப் பதில் மாவும் வைத்து, நம்ம பெண்களையே நடிக்கவைத்துப் படம் பிடித்திருந்தார்கள்.

படம் நல்லா இருந்தது. சத்தம்தான் உதவவில்லை. காலிக் கட்டடம், பேசினால் கிணற்றுக்குள் பேசுவது மாதிரி எதிரொலி. நடுவில் டூவீலர் சத்தம், "கொஞ்சம் தள்ளி உட்காருங்கக்கா" என்று ஒரு பிள்ளை கத்துகிற சத்தம். அதனால் அந்தச் சத்தத்தை எல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு, முதலிலிருந்து புதுசாகச் செய்ய வேண்டும். அதுதான் அந்தப் பருவத்துக்கு அவங்களுக்குக் கொடுத்த வேலை. ஏழு பேரும் ஒரே குழு, மதிப்பெண்ணும் எல்லாருக்கும் ஒண்ணுதான்.

குரலை அவர்களே பதிவு பண்ணிக் கொண்டுவந்திருந்தார்கள். "தொழிலாளர்கள் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் ஓர் அறையில் பணிபுரிதல் கூடாது" என்று ஒரு பொண்ணு அழகாக வாசித்திருந்தாள். கேட்டு முடிந்ததும் யாரும் பேசவில்லை. எங்கள் குழுவில் மூத்த பாட்டி ஒருத்தர்தான் வாயைத் திறந்தார். "நல்லாருக்கு தாயி. ரேடியோவுல நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு. ஆனா நீ இதை யாருக்குச் சொல்ற?"

அந்தப் பொண்ணுக்கு முகம் சுருங்கிப்போச்சு. பாட்டி விடவில்லை. "கோவிச்சுக்காத. உள்ள உட்கார்ந்திருக்கும்போது எனக்கு யாரும் இப்படிப் பேச மாட்டாக. பேசினா அது ஆபீசர் பேச்சு. ஆபீசர் வந்துட்டுப் போயிருவாரு, நான் அங்கதான் இருப்பேன்."

அன்றைக்குத்தான் சேர்ந்து செய்வது என்று முடிவானது. அவங்க கையில் மெஷினும் படிப்பும். நம்ம கையில் வேலையும் பேச்சும்.

முதல் வாரம் எதையும் பதிவு பண்ணவில்லை. கேட்டோம், அவ்வளவுதான். பிள்ளைகள் காதில் ஹெட்போன் மாட்டிவிட்டு, "கண்ணை மூடிட்டு என்னென்ன கேக்குதுன்னு சொல்லுங்க" என்றார்கள். மின்விசிறி, காக்கா, தூரத்தில் அச்சு ஆபீஸ் மெஷின், பக்கத்து வீட்டுக் குக்கர். நாற்பத்தைந்து வயசுக்கு மேல்தான் என் வீட்டுக்கு எத்தனை சத்தம் இருக்கு என்று எனக்குத் தெரிந்தது. யாரும் பேசாத அறைக்குக்கூட ஒரு சத்தம் இருக்கிறதாம். ஒவ்வொரு இடத்திலும் அரை நிமிஷம் எல்லாரும் சும்மா இருந்து, அந்த அமைதியையும் பதிவு பண்ணி வைத்துக்கொண்டார்கள். பேச்சுக்கு நடுவில் வெட்டி ஒட்டும்போது இடைவெளியில் அதைப் போட்டு நிரப்பணும், இல்லாவிட்டால் ஒட்டு தெரியும் என்றார்கள். சேலையில் ஒட்டுப் போட அதே சேலையின் துணியைத் தேடுவோமே, அது மாதிரிதான்.

கூட்ட அறையில் எதிரொலி வராமல் இருக்க ஜமுக்காளம், கோரைப்பாய், போர்வை என்று வீட்டுக்கு ஒண்ணாகக் கொண்டுவந்து சுவரெல்லாம் தொங்கவிட்டோம். மைக்கை வாய்க்கு ஒரு சாண் தள்ளி, நேரே பிடிக்காமல் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கச் சொன்னார்கள். இல்லாவிட்டால் "ப" வருகிற இடமெல்லாம் காற்று அடித்து டமார் என்று கேட்கும். "பட்டாசு", "பாதுகாப்பு", "பத்திரம்". நம்ம படத்தில் "ப"வுக்கா பஞ்சம்!

இரண்டாவது வாரம் வேலைச் சத்தம். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். ஆலைக்குள் மைக் போக முடியாது, அதனால் ஆலைச் சத்தத்தை வெளியே செய்ய வேண்டும். சினிமாவிலும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று பிள்ளைகள் சொன்னார்கள். நடக்கிற சத்தம், கதவு சாத்துகிற சத்தம், சேலை உரசுகிற சத்தம் எல்லாம் பிறகு ஓர் அறையில் உட்கார்ந்து, படத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்வதாம். அந்த வேலைக்கு ஃபோலி என்று பேர். அமெரிக்காவில் யுனிவர்சல் ஸ்டுடியோவில் வேலை பார்த்த ஜாக் ஃபோலி என்பவர், சினிமா பேச ஆரம்பித்த 1929 வாக்கில் தொடங்கிவைத்த வழி. அவர் பெயரே தொழிலுக்குப் பெயராகிவிட்டது. நம்ம தமிழிலும் வசனமே இல்லாமல் கமல்ஹாசன் நடித்து 1987-இல் வந்த 'பேசும் படம்' பலபேர் பார்த்திருப்பீங்க. பார்த்திபன் நடித்து 2019-இல் வந்த 'ஒத்த செருப்பு சைஸ் 7' படத்தில் திரையில் ஒரே ஆள்தான், மற்றவங்க எல்லாரும் குரலாகவும் சத்தமாகவும் மட்டும் வருவார்கள். அந்தப் படத்தின் ஒலிக்காக ரசூல் பூக்குட்டிக்குத் தேசிய விருது கிடைத்தது. கண்ணில் காட்டாத ஆளைக் காதிலே கொண்டுவந்து நிறுத்த முடியும் என்பதற்கு இதை உதாரணமாகச் சொன்னார்கள்.

நாங்களும் நிறுத்தினோம். மருந்து சலிக்கிற சத்தத்துக்குப் பிள்ளைகள் ஆற்றுமணலைச் சல்லடையில் போட்டு ஆட்டினார்கள். கேட்டதுமே நாங்கள் சிரித்துவிட்டோம். மணல் கரகர என்கும். மருந்து அப்படிக் கத்தாது, அது மாவு மாதிரி மெத்தென்று விழும். கேப்பை மாவை எடுத்து, சல்லடையைத் தட்டாமல் கையால் தடவிவிட்டதும் அந்தச் சத்தம் வந்தது. கம்பி மத்தாப்புப் பொரிகிற சத்தம் பிஸ்கட் பாக்கெட் உறையை மைக் பக்கத்தில் மெல்லக் கசக்கினால் வந்துவிடுகிறது. காகிதக் குழாய்க் கட்டைத் தரையில் தட்டிச் சமன் பண்ணுகிற சத்தத்துக்கு நிஜக் குழாயேதான் வேண்டும். வேறு எதுவும் ஏமாற்றவில்லை. இடி இடிப்பதற்குப் பழைய தகரம் ஒன்றை ரெண்டு பேர் பிடித்து ஆட்டினார்கள். இடி மின்னல் இருக்கும்போது வேலையை நிறுத்திட்டு வெளியே வரணும் என்று படத்தில் ஓர் இடம் வரும், அதற்காக.

இதில் ஒரு விஷயம். அறைக்குள் போவதற்கு முன்னாடி செப்புத் தகட்டில் கை வைப்போமே, உடம்பில் இருக்கிற நிலைமின்சாரம் இறங்குவதற்கு. அந்த இடத்துக்கு என்ன சத்தம் என்று கேட்டார்கள். சத்தமே கிடையாது, கையை வைத்து எடுப்பதுதான். சத்தம் இல்லாததால்தான் பலபேர் அதை மறந்துவிடுகிறோம் என்று ஒரு அக்கா சொன்னாள். அப்போ ஒரு பையன், "வளையல் சத்தம் போடுவோமா?" என்றான். கை நீளும்போது கண்ணாடி வளையல் ரெண்டு சிணுங்குகிற சத்தம். படத்தில் கதவு வருகிற ஒவ்வொரு இடத்திலும் அந்தச் சிணுங்கல் வருகிறது. வேலைக்குப் போகையில் அதைக் கேட்டதும் கை தானாகத் தகட்டுக்குப் போகிறது என்று இப்போ நம்ம உறுப்பினர்கள் சொல்கிறார்கள்.

வேலையைப் பங்கு வைப்பதிலும் சண்டை வந்தது, மறைக்க வேண்டாம். ஏழு பேரில் ரெண்டு பேர்தான் எல்லா வேலையும் செய்தார்கள். மற்றவங்க டீ குடித்தார்கள். செய்தவங்களுக்குக் கோபம், செய்யாதவங்களுக்கு "எங்களைத் தொட விடவே இல்ல" என்று கோபம். ஒருநாள் முழுக்கப் பதிவு பண்ணியதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றாமல் ஒரு பிள்ளை போனில் அழித்துவிட்டாள். அவள் அழ, மற்றவன் கத்த, வேலையே நின்றுபோச்சு.

நம்ம குழுவில் கணக்கு நோட்டு ஒரே ஆள் கையில் இருந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? தலைவி அக்கா ஒரு நோட்டைப் பிரித்துக் கோடு போட்டார். இன்று மைக் பிடிப்பது யார், ஹெட்போனில் கேட்பது யார், நோட்டில் எழுதுவது யார், பதிவை ரெண்டு இடத்தில் சேமிப்பது யார். தினமும் சுற்று மாறும். சாயந்திரம் நோட்டை எல்லாருக்கும் வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கித்தான் கலைய வேண்டும். நம்ம கூட்டத்தில் தீர்மானம் எழுதுகிற அதே முறை. பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு ஒரு பதிவும் தொலையவில்லை. டீ மட்டும் குடித்த பையன்தான் கடைசியில் வளையல் யோசனை சொன்னவன்.

இப்படிப் பெண்கள் தாங்களே குரல் கொடுப்பது நாம் கண்டுபிடித்தது இல்லை. அகமதாபாத்தில் எலா பட் அம்மா 1972-இல் தொடங்கிய சேவா சங்கத்தில், 1984-இல் 'வீடியோ சேவா' என்று ஆரம்பித்தார்கள். காய்கறி விற்ற லீலாபென் மாதிரியான பெண்கள் கேமராவும் மைக்கும் பிடிக்கக் கற்றார்கள். அதில் பலருக்கு எழுதப் படிக்கவே தெரியாது. மாணெக் சவுக் சந்தையில் தெருவோரம் விற்கிற பெண்களின் பிரச்சினையைத்தான் முதலில் படமாக எடுத்தார்கள். தெலங்கானாவில் மச்சனூர் என்ற கிராமத்தில், சங்கத்துப் பெண்களே நடத்துகிற 'சங்கம் ரேடியோ' 2008 அக்டோபர் 15 முதல் ஒலிக்கிறது. நம்ம ஊரைப் பற்றியும் படம் வந்திருக்கு. தீப்பெட்டி, பட்டாசு வேலையில் இருந்த குழந்தைகளைப் பற்றி சலம் பென்னூர்கர் 1990-இல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்'. வெளியிலிருந்து ஒருத்தர் வந்து நம்ம பிள்ளைகளை உலகத்துக்குக் காட்டினார், அதற்கு நன்றி சொல்லணும். அந்த வயசில் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிய பிள்ளைகள் இன்று இந்தக் கூட்டத்திலும் இருக்கிறோம். இப்போ நம்ம கதையை நாமே நம்ம வாயால் சொல்லலாம் இல்லையா?

மூணாவது வாரம் பெரிய வாக்குவாதம் வந்தது. படத்தில் ஒரு விபத்து வரும். வெடிப்பதைப் படத்தில் காட்டவில்லை, ஒரு பெண் திரும்பிப் பார்க்கிற முகம் மட்டும்தான். அந்த இடத்தில் பெரிய வெடிச்சத்தம் போடணும் என்று பிள்ளைகள் முடிவு பண்ணியிருந்தார்கள். அதற்காகப் பொட்டலில் போய் ஒரு வெடியை வைத்துப் பதிவு பண்ணியும் பார்த்தார்கள். போனில் கேட்டால் 'பொத்' என்று ஒரு சத்தம். மைக் தாங்குகிற அளவைத் தாண்டினால் சத்தத்தின் தலை வெட்டுப்பட்டு இப்படி உடைந்துபோகுமாம். வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி அளந்தால் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 1999-லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது என்று அப்போதுதான் நாங்கள் தெரிந்துகொண்டோம். நாம் உருட்டுகிற குழாய்க்குள் இருக்கிற சத்தத்துக்கும் ஒரு சட்டம் இருக்கு.

"தள்ளி நின்னு இன்னொருவாட்டி எடுப்போம்" என்றார்கள். நம்ம பெண்களில் ஒருத்தி எழுந்து, "அந்தச் சத்தம் வேண்டாம்" என்றாள். ஏன் என்று கேட்டார்கள். அவளுக்குச் சொல்ல வரவில்லை. அப்புறம் நாங்கள் ஒவ்வொருத்தராகச் சொன்னோம்.

மற்ற ஊரில் வெடிச்சத்தம் கேட்டால் பிள்ளைகள் கைதட்டும். நம்ம ஊரில் நேரங்கெட்ட நேரத்தில் ஒரு சத்தம் கேட்டால் எல்லாரும் வாசலுக்கு வந்து எந்தத் திசையில் புகை என்று பார்ப்போம். சத்தம் ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய மூணு செகண்ட் ஆகும் என்று பிள்ளைகள் சொன்னார்கள். வெளிச்சத்தைப் பார்த்திருந்தால் எண்ணிக்கொள்ளலாம், எவ்வளவு தூரம் என்று. நமக்கு எண்ணத் தெரியாது. நமக்குத் தெரிந்த கணக்கு வேறு: இன்னிக்கு யார் யார் எந்த ஆபீசுக்குப் போயிருக்காங்க. அந்தச் சத்தத்தைப் படத்தில் போட்டால் நம்ம பெண்கள் அதற்கு மேல் படத்தைப் பார்க்க மாட்டாங்க. பயந்தவளுக்குப் புத்தி சொன்னால் காதில் ஏறாது.

"அப்போ அந்த இடத்துல என்ன சத்தம்தான் போடுறது?" என்று குரல் கொடுத்த அந்தப் பொண்ணு கேட்டாள். ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் பின்னால் இருந்து ஒருத்தி சொன்னாள்: "போன் அடிக்கிற சத்தம் போடும்மா."

நாலு செகண்ட் அமைதி. பிறகு ஒரு வீட்டில் போன் அடிக்கிறது. அப்புறம் இன்னொரு வீட்டில். அப்புறம் பத்து வீட்டில். எங்கள் பத்துப் பேர் போனையும் வரிசையாக வைத்து, அவரவர் வீட்டு ரிங்டோனைத்தான் பதிவு பண்ணினார்கள். முருகன் பாட்டு, பழைய சினிமாப் பாட்டு, வெறும் மணி. அதைப் போட்டுக் காட்டியபோது பிள்ளைகள் ஏழு பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அதை அடுத்து ஓடுகிற காலடிச் சத்தம் வரும். விபத்து நடந்த இடத்தை நோக்கி ஓடுகிற காலடி. அது நின்று, திரும்பி, தூரமாகப் போகும். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டியில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். ஏறத்தாழ 40 பேர் போனார்கள். அதில் பலபேர் அங்கே வேலை பார்த்தவர்களே இல்லை. முதல் வெடி கேட்டு உதவப் போனவங்க, பார்க்கப் போனவங்க. நம்ம மனசு ஓடத்தான் சொல்லும். ஆனால் தூரமாக நின்று தீயணைப்பு வண்டிக்கு வழிவிட்டு, கூட்டத்தைத் தள்ளி நிறுத்துவதுதான் அந்த நேரத்து உதவி. இதை வசனமாகச் சொல்லாமல் காலடிச் சத்தத்திலேயே வைத்தார்கள். பின்னால் ஒரு வரி மட்டும், நம்ம பாட்டி குரலில்: "ஓடாதீக, தள்ளி நில்லுங்க."

கடைசியாக என்னுடைய வரி. படத்தின் நடுவில் ஒரு பெண் போர்மேனிடம் பேச வேண்டும். அந்த வரியை எல்லாரும் சேர்ந்து எழுதினோம். பயமுறுத்தவும் கூடாது, கெஞ்சவும் கூடாது, சண்டை மாதிரியும் இருக்கக் கூடாது. நாளைக்கும் அதே ஆளிடம் வேலைக்குப் போக வேண்டியவள் சொல்கிற மாதிரி இருக்கணும். கடைசியில் வந்தது இது:

"அண்ணாச்சி, அறைக்குள்ள ஆள் கூடிருச்சு. ரெண்டு பேர் வெளியே போகட்டும், அப்புறம் கை வைக்கிறேன்."

அதை நான் சொல்லணும் என்று முடிவாச்சு. மைக் முன்னாடி உட்கார்ந்தேன். "அண்ணாச்சி" என்றேன், அடுத்த வார்த்தை வரவில்லை. திரும்பச் சொன்னேன், குரல் கெஞ்சியது. திரும்பச் சொன்னேன், கத்தியது. பதினாலு தடவை. பிள்ளைகள் பொறுமையாக "பரவால்லக்கா, இன்னொருவாட்டி" என்றார்கள்.

எனக்கு ஏன் வரவில்லை என்று உங்களில் சிலருக்குத் தெரியும். ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி, தீபாவளிக்கு முந்தின அவசரத்தில், நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் ஒன்பது பேர் இருந்தோம். நான் எண்ணினேன். எண்ணிட்டுச் சும்மா இருந்தேன். குரோஸ் கணக்குக் கூலி, பேசுகிற நேரத்தில் கை நின்றுபோகும். அதோட புது ஆள் நான், எனக்கு என்ன பேச்சு என்று நினைத்தேன். தண்ணி குடிக்க வெளியே வந்தேன். அதனால்தான் இன்றைக்கு இங்கே நிற்கிறேன். உள்ளே இருந்த என் மதினி பிழைத்துவிட்டார், ஆனால் வலது கை விரல்கள் மடங்காது. உள்ளே இருந்த எல்லாரும் பிழைக்கவில்லை.

பதிவு நடக்கும்போது மதினியும் அந்த அறையில்தான் இருந்தார். ஓரமாக உட்கார்ந்து எங்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தார். பதினாலாவது தடவை நான் நிறுத்தியதும் அவர் சொன்னார்: "அன்னிக்கு நானுந்தான் எண்ணினேன். நானுந்தான் சொல்லல. அதையே நினைச்சுக்கிட்டு இருக்காத. டீ ஆறுது, சொல்லிட்டு வா."

இத்தனை வருஷத்தில் நாங்கள் ரெண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அவரும் எண்ணினார் என்று எனக்குத் தெரியாது. அடுத்த தடவை அந்த வரி வந்துவிட்டது. படத்தில் இருப்பது அதுதான். கூர்ந்து கேட்டால் பின்னால் டம்ளர் வைக்கிற சத்தம் லேசாகக் கேட்கும். எடுத்துவிடலாமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். இருக்கட்டும் என்றேன்.

படம் முடிந்தபின் நாங்கள் ஒன்றைக் கவனித்தோம். நம்ம பெண்கள் வீடியோவை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. டப்பா ஒட்டிக்கொண்டே, சமைத்துக்கொண்டே போனை ஓரமாக வைத்துக் கேட்கிறோம். கண்ணும் கையும் வேலையில், காது மட்டும்தான் காலி. அதனால் படத்தைவிடச் சத்தம்தான் நம்மிடம் அதிகமாக வந்து சேர்ந்தது. பல வீட்டில் பிள்ளைகள் "அண்ணாச்சி, ஆள் கூடிருச்சு" என்று விளையாட்டுக்குச் சொல்கிறார்கள், பஸ்ஸில் கூட்டம் ஏறினால்கூட. விளையாட்டாக வாயில் ஏறிய வார்த்தை வேண்டிய நேரத்தில் தானாக வரும் என்று நம்புகிறேன்.

ஒருத்திக்கு வந்தது. பெயர் சொல்ல மாட்டேன், இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். இந்த வருஷம் வேலை மும்முரத்தில் அறைக்குள் ஆள் கூடியபோது அவள் அந்த வரியை அப்படியே சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாளாம். கேட்டவர் சிரிக்கவில்லை. "அப்படின்னா நீ போ" என்றார். அவள் எழுந்து வந்துவிட்டாள். அவளோட இன்னொருத்தியும் எழுந்தாள். அறையில் ஆள் குறைந்தது. அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. நடக்காததை யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் அவளுக்கு மூணு நாள் வேலை இல்லை. அந்த வார சேமிப்பும் கடன் தவணையும் நின்றுபோச்சு. அதைக் குழு நோட்டில் "பாக்கி" என்று சிவப்பு மையில் எழுதினோம்.

அதை எழுதின கை என் கைதான். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. சொல்லு, சொல்லு என்று மைக் வைத்துச் சொல்லிக்கொடுத்தோம். சொன்னவளுக்கு நாம் கொடுத்தது சிவப்பு மை.

அதனால் இந்த மேடையில் கதை மட்டும் சொல்லிவிட்டுப் போக நான் வரவில்லை. ஒரு கோரிக்கை வைக்கிறேன். ஆபத்து என்று சொல்லி வேலையிலிருந்து எழுந்து வந்த உறுப்பினருக்கு, வேலை திரும்பக் கிடைக்கும்வரை, அந்த வாரக் கூலி அளவுக்குக் கூட்டமைப்பு நிதியிலிருந்து வட்டியில்லாமல் கடன் கொடுக்க வேண்டும். அந்த வாரத் தவணையைப் பாக்கி என்று எழுதக் கூடாது. எழுந்து வந்ததற்கு அவளோட ஒரு ஆள் சாட்சி சொன்னால் போதும். அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாக வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சரி என்கிறவர்கள் கை தூக்குங்கள்.

தூக்கின கையை எல்லாம் எண்ணிவிட்டேன். இந்தத் தடவை எண்ணிட்டுச் சும்மா இருக்க மாட்டேன். செயலாளர் அக்கா, நோட்டில் எழுதிக்கொள்ளுங்க.

அந்த ஏழு பிள்ளைகளும் வந்திருக்கிறார்கள், பின்வரிசையில் நிற்கிறார்கள். படத்தின் கடைசியில் பெயர் போடும்போது அவங்க பெயரை மட்டும் போடாமல், சல்லடை ஆட்டினவள், தகரம் ஆட்டினவள், போன் கொடுத்தவள் என்று நம்ம எல்லார் பெயரையும் போட்டார்கள். மதினி பெயரும் இருக்கிறது. "இவுக என்ன சத்தம் செஞ்சாக?" என்று ஒருத்தி கேட்டாள். டம்ளர் சத்தம் என்று சொன்னேன்.